தெர்மோகோல் மையமும் மரத்தோலும்: அலைச்சறுக்குப் பலகைக்கு எந்த ரெசின்?

தெர்மோகோல் மையத்தின்மேல் மெல்லிய மரத்தகட்டை ஒட்ட, விலை மலிவான பாலியஸ்டர் ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது, எபாக்சி ரெசின்தான் வேண்டும். பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவம் தெர்மோகோலைக் கரைத்துவிடும். வெட்டி எறிந்த துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே குழி விழும். 1940களின் இறுதியில் கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை வடிவமைப்பாளர் பாப் சிம்மன்ஸ் இந்தத் தெர்மோகோல் நுரையை ஒட்டுப்பலகைக்கும் பால்சா மரத்துக்கும் நடுவே பொதிந்ததற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம்.

தகடு 3 மி.மீ. கனம் இருந்தால் வளைந்து கொடுக்கும். அதை ஒட்டுவதுதான் உண்மையான தலைவலி. மேலே செங்கல் அடுக்கினால் நடுவில் பிடித்து ஓரத்தில் வாய் பிளக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துப் பம்பால் காற்றை உறிஞ்சுங்கள். அழுத்தம் எங்கும் ஒரே சீராக விழும். ஆசைப்பட்டு முழுவதும் உறிஞ்சிவிடாதீர்கள், நுரை நசுங்கிவிடும்.

பலகையில் திருகுமூடி போட்ட காற்றுத்துளை ஒன்றும் வையுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பலகை மூடியபடி கிடந்தால், உள்ளே காற்று விரிந்து மரத்தோலைப் பெயர்த்துவிடும்.