கல்லா அக்கா பதில்கள்: வாங்குற காசுக்கு எதுக்குக் காசு?

கேள்வி: அக்கா, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மிளகும் காபியும் இருக்கு. டூர் வந்து போன பெங்களூர்க்காரங்க போன் பண்ணிக் கேட்டு வாங்குறாங்க. என்கிட்ட பட்டன் போன்தான். பணத்தை ரீசார்ஜ் கடைக்காரர் நம்பருக்குப் போடச் சொல்லிடுவேன். ஆயிரத்துக்கு இருபது கழிச்சுக்கிட்டு மீதியைக் காசாத் தருவார். போன சீசனில் 65,000 ரூபாய் இப்படி வந்துச்சு. இதைவிடக் குறைச்சலா யார் பண்ணித் தருவாங்க?
– ஒரு வாசகி

பதில்: யாரும் பண்ணித் தர வேண்டாம் கண்ணு. நீங்க விட்டது 1,300 ரூபாய். மணியார்டர் காலத்தில் நூறுக்கு ஐந்து ரூபாய் கமிஷன் கொடுத்தோம், வாஸ்தவம். ஆனால் அந்தப் பணம் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து, தபால்காரர் கையால் எண்ணிக் கொடுத்தது. இப்போது வருவதற்கு ஏன் தண்டம்?

நூறு நாள் வேலைக் கூலி விழுகிற பாஸ்புக் இருக்கும் இல்லையா? அதன் முதல் பக்கத்தில் கணக்கு எண்ணும், உங்கள் வங்கிக் கிளையைக் காட்டுகிற, பதினோரு எழுத்தில் ஐஎஃப்எஸ்சி என்ற குறியீடும் இருக்கும். இரண்டையும் வாங்குபவரிடம் சொல்லுங்கள், போதும். அவர் தன் போனிலிருந்து யூபிஐயிலோ, நெஃப்ட் என்கிற வங்கிக்கு வங்கி அனுப்பும் முறையிலோ போடுவார். உங்களிடம் பெரிய போனும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். வருகிற பணத்துக்கு வங்கி ஒரு பைசா பிடிக்காது. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் நெஃப்ட் போடுகிறவருக்கும் 2020 ஜனவரியிலிருந்து கட்டணம் கிடையாது.

வந்ததா என்று எப்படித் தெரியும்? கணக்கில் பதிந்த நம்பரிலிருந்து உங்கள் வங்கியின் மிஸ்டு கால் எண்ணுக்கு அடித்தால் இருப்பு மெசேஜில் வரும். உங்கள் ஊரில் டவர் கிடைக்கிற மேடு எதென்று உங்களுக்கே தெரியும், ஏறிப் போய் அடியுங்கள். ‘அனுப்பிட்டேன்’ என்று யாராவது ஸ்கிரீன்ஷாட் காட்டினால் அதை நம்பி மூட்டையைக் கட்டாதீர்கள்.

செலவு எங்கே வரும் என்றால், காசாக எடுக்கும்போது. சாதாரண சேமிப்புக் கணக்குக்குச் சொந்த வங்கி ஏடிஎம்மில் மாதம் ஐந்து தடவை இலவசம். அதற்கு மேல் ஒவ்வொரு தடவைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம், வரி தனி. வாரம் ஒருமுறை கீழே இறங்கும்போது மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மும்பை பார்ட்டி மூன்று லட்சம் அனுப்பும்போதெல்லாம் ‘ஆர்டிஜிஎஸ் சார்ஜ்’ என்று 500 ரூபாய் குறைத்தே போடுகிறார். நியாயமா?
– ஒரு வாசகர்

பதில்: அநியாயம். ஆர்டிஜிஎஸ் என்பது பெரிய தொகையை வங்கிக்கு வங்கி அனுப்புகிற வழி. சின்னக்கடை வீதியில் 31 வருஷம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவள் சொல்கிறேன். இரண்டு முதல் ஐந்து லட்சம் வரைக்கும், கிளைக்கே போய் செலான் எழுதி ஆர்டிஜிஎஸ் அனுப்பினாலும், வங்கி அதிகபட்சம் 24 ரூபாய் 50 காசுதான் வாங்கலாம். வரியோடு சேர்த்தாலும் 29 ரூபாயைத் தொடாது. அதுவும் அனுப்புகிறவர் கட்டுவது. மீதி 471 எந்த வங்கிக்குப் போகிறது என்று அவரிடம் ரசீது கேளுங்கள், தம்பி. எடை போடும்போது மில்லி கிராமுக்குச் சண்டை பிடிக்கிற ஆட்கள் நீங்கள், இதை எப்படி விட்டீர்கள்?

கேள்வி: மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். மாதம் சின்னத் தொகைதான் அனுப்புவான். சுலபமான வழி உண்டா அக்கா?
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: போனிலேயே பணம் அனுப்ப அங்கே பேநவ், இங்கே யூபிஐ. இரண்டையும் 2023 பிப்ரவரியில் இணைத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் சிங்கப்பூர் டாலர் வரை. இந்தியன் வங்கி, ஐஓபி, ஸ்டேட் வங்கி எல்லாம் ஆரம்பத்திலிருந்தே அதில் இருக்கின்றன. அனுப்புவதற்கு முன் எத்தனை ரூபாய் கையில் விழும் என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டணம் இல்லை என்று சொல்லிவிட்டு, டாலர் விலையில் கடித்துக்கொள்கிறவர்கள் உண்டு.

கேள்வி: பணம் வாங்கப் பின் நம்பர் அடிக்கணுமா?
– ஒரு கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி

பதில்: அடிக்கவே கூடாது. என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய தையல் மிஷினை விற்கப் போட்டிருந்தேன். ‘மேடம், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க, 4,500 வந்துடும்’ என்றான் ஒருவன். ரொம்ப மரியாதையான பையன். ஸ்கேன் பண்ணி, ஆறு இலக்கத்தில் நான்கு அடித்தும்விட்டேன். பின்னால் நின்ற பேத்திதான் போனைப் பிடுங்கினாள். ‘பாட்டி, மேலே படி, ‘பே’ன்னு இருக்கு!’ பின் என்பது கொடுக்கிற கைக்கு. வாங்குகிற கைக்குக் கிடையாது. அடித்தே தொலைத்துவிட்டால், அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் பண்ணுங்கள்.

தையல் மிஷின் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து பாருங்கள், காசாகவே வாங்கிக்கொள்கிறேன்.