மேளம் கேட்காத ஐந்து மாதம்: தவில் கேள்வி பதில்

2020 மார்ச் 25ஆம் தேதி கொரோனா ஊரடங்கு வந்ததிலிருந்து என் தவில் வீட்டிலேயே இருக்கிறது. பங்குனி உத்திரம் போயிற்று, சித்திரை போயிற்று, 2020 ஆடியும் முடியப்போகிறது. பழைய கச்சேரிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். காரைக்குடிப் பக்கம் நாற்பது வருடம் வாசித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து: அண்ணே, உங்களால் மறக்கவே முடியாத கச்சேரி எது?

குன்றக்குடியில் பங்குனி உத்திர ராத்திரி. எனக்குப் பன்னிரண்டு வயது. குருநாதர் பக்கத்தில் நின்று தாளம் போட்டேன். சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி முடிந்து சாமி வீதிக்கு வந்ததும் நாயனக்காரர், அதாவது நாதஸ்வரம் வாசிப்பவர், தோடி ராகத்தை எடுத்தார். தெருமுனையில் சாமியை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் ராகம் மட்டும்தான். தவில் இடையிடையே நாலு சொல் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

அப்புறம் தனி, அதாவது தவில் மட்டும் வாசிக்கும் பகுதி. பாதியில் குருநாதரின் வலது கைக் கூடு ஒன்று கழன்று விழுந்தது. கூடு என்பது விரல்களில் மாட்டிக்கொள்வது. துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைப்போம், கல் மாதிரி இருக்கும். அவர் குனியவில்லை. வெறும் விரலாலேயே தனியை முடிக்கும் தீர்மானம் வரை கொண்டுபோனார். மறுநாள் காலையில் தவிலைத் துடைக்கச் சொன்னார். விரலால் அடிக்கும் வலப் பக்கமான வலந்தலைத் தோலில் ரத்தம் பழுப்பாகக் காய்ந்திருந்தது. ஈரத்துணி படக்கூடாதென்று உலர்ந்த துணியால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். இன்றைக்கும் தோடி கேட்டால் எனக்கு அந்தக் கறைதான் முதலில் தெரிகிறது.

புதுவயலிலிருந்து: தவிலை ஐந்து மாதமாகத் தொடவில்லை. என்ன செய்வது?

இறுக்கத்தைத் தளர்த்தி வையுங்கள். வார் ஆனாலும் சரி, இப்போதைய நட்டு போல்ட்டு ஆனாலும் சரி. இறுக்கியபடியே கிடந்தால் தோல் நாள்பட வீணாகும், வளையத்துக்கும் நல்லதில்லை. ஈரம் ஏறிவிட்டதென்று உச்சி வெயிலில் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் பலா மரம் விரிசல் விடும். வாரம் ஒருமுறை எடுத்து, மெதுவாக முறுக்கேற்றி, அரை மணி வாசித்து, மறுபடி தளர்த்துங்கள்.

காரைக்குடியிலிருந்து: தங்கைக்கு ஆவணியில் கல்யாணம், ஐம்பது பேர்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு மல்லாரி வாசிக்கலாமா?

கூடாது. மல்லாரி சாமி புறப்பாட்டுக்கு உரியது. மல்லாரி வாசிக்கும் கம்பீரநாட்டை ராகத்திலேயே வேறு எவ்வளவோ உருப்படி இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்: 1968இல் எங்கள் வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) திருப்பூட்டும்போது, அதாவது தாலி கட்டும்போது, கேட்ட கெட்டிமேளம் மாதிரி மண்டபத்தில் கேட்பதே இல்லையே, ஏன்?

ஆச்சி, சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். வளவுக்கு நடுவில் வானம் திறந்திருக்கிறது. அடித்த சத்தம் மேலே போய்விடும், சுற்றுத் தாழ்வாரத்துத் தூண்களில் பட்டுக் கொஞ்சம்தான் திரும்பி வரும். அதனால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்கும். மண்டபத்தில் தகரக் கூரை, நாலு பக்கமும் சுவர், போதாததற்கு மைக். ஒரு அடி அடங்குவதற்குள் அடுத்தது வந்து மோதுகிறது. கழுத்துரு என்னும் தாலி கழுத்தில் ஏறும் நேரத்தில் அபசகுனமான சொல்லோ தும்மலோ காதில் விழக்கூடாது என்பதற்குத்தான் கெட்டிமேளம். வளவில் அதற்கு இரண்டு தவில் போதும்.

குன்றக்குடியிலிருந்து: தவிலை மேடை நடுவுக்குக் கொண்டுவந்தவர் எங்கள் ஊர் வயலின் வித்வான் வைத்தியநாதன்தானே?
அதற்கு அரியக்குடியிலிருந்து: வயலினும் தவிலும் சேருமா? அது கச்சேரி மரபே இல்லை.

இதற்கு மட்டும் பதினேழு பேர் மாறி மாறி எழுதிவிட்டீர்கள். சரி, என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்.

அரியக்குடிக்காரருக்குக் கோபம் வருவது நியாயம். இன்றைய பாட்டுக் கச்சேரியின் வரிசையை வகுத்தவர் அவர் ஊர் ராமானுஜ ஐயங்கார். ஆனால் குன்னக்குடி வைத்தியநாதன் சிறுவனாக அந்த ஐயங்காருக்கே பக்கவாத்தியம் வாசித்தவர். மரபு தெரியாமல் அவர் அதைத் தாண்டவில்லை.

மைக் இல்லாவிட்டால் தவிலுக்கு முன் வயலின் காதிலேயே விழாது என்பது உண்மை. தவில் வித்வான் வளையப்பட்டி சுப்பிரமணியம் குன்னக்குடியோடு வாசித்ததைக் கேட்டவர்கள் கையைக் கவனித்திருப்பார்கள். வயலின் இழைக்கும்போது குச்சி இடப் பக்கத் தோலான தொப்பியைத் தொட்டும் தொடாமலும் போகும், விரல்கள் தோலின் ஓரத்தில் மட்டும் பேசும். வேகமாக அடிக்க யாரும் பழகிவிடலாம். அப்படி அடக்கி அடிக்கப் பத்து வருடம் வேண்டும். வீதியில் வாசிப்பதே எனக்குப் பெரிது, அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கச்சேரிகளைத் தரக்குறைவு என்று என் காது ஒப்பாது. குன்னக்குடி வயலினில் சினிமாப் பாட்டு வாசித்தாரே என்கிறீர்கள். வீதியில் நாங்களும் ஜனங்கள் கேட்டதை வாசித்தவர்கள்தானே. இதோடு விடுங்கள்.

கோட்டையூரிலிருந்து: காரைக்குடி வீணை பற்றிச் சொல்லுங்கள்.

என் துறை இல்லை. காரைக்குடி வீணைச் சகோதரர்களில் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசிப்பார், சாம்பசிவ ஐயர் வழக்கம்போலக் கிடத்தி வாசிப்பார். மீதியை வீணைக்காரர் யாரிடமாவது கேளுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து: நேரலையில் தவில் தகர டப்பா மாதிரி கேட்கிறதே?

கைபேசியைத் தவிலுக்கு முன்னால் வைத்தால் அப்படித்தான். பத்தடி தள்ளி, நாயனத்துக்குப் பக்கமாக வையுங்கள். இரைச்சல் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், அது தொப்பியின் நாதத்தை இரைச்சல் என்று எடுத்து வெட்டிவிடுகிறது. தளர்த்தி வைத்த தவிலை முறுக்கேற்றாமல் வாசித்தாலும் இதே கதிதான்.

மேலும் மூன்று பேர்: வரவேற்புக்கு மல்லாரி...

மேலே மூன்றாவது பதில். சாமி வெளியே வராத வருடத்திலாவது மல்லாரியை விட்டுவையுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து: தம்பி கல்யாணம் தைக்குத் தள்ளிப்போய்விட்டது. மேளக்காரர்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். தை முகூர்த்தத்துக்கு அச்சாரத்தை இப்போதே கொடுங்கள். நாயனக்காரர் கையில் மொத்தமாகக் கொடுக்காமல், தாளம் போடுபவர், சுருதி பிடிப்பவர் பங்கைத் தனியாக அவரவரிடம் சேருங்கள். அவர்களுக்குத்தான் இந்த ஐந்து மாதத்தில் ஒரு ரூபாயும் வரவில்லை.