மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: வலியைப் பற்றி முன்பே பேசலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 66. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். "வலி மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும், பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்" என்று பக்கத்து வீட்டில் சொன்னதிலிருந்து பயந்துபோயிருக்கிறார். வலியைப் பற்றி டாக்டரிடம் முன்பே கேட்கலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: கட்டாயம் கேளுங்கள். மயக்க மருத்துவர் அம்மாவைப் பரிசோதிக்கும் நாளிலேயே, நீங்களும் கூட இருந்து கேளுங்கள்.

1964-இல் அமெரிக்காவின் பாஸ்டனில், வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 97 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. எங்கே வலிக்கும், எப்படி மூச்சு விடுவது, எப்படிப் புரண்டு படுப்பது என்று ஒரு பிரிவினருக்கு மட்டும் மயக்க மருத்துவர் விளக்கினார். அவர்களுக்கு வலி மருந்து ஏறக்குறைய பாதிதான் தேவைப்பட்டது, சராசரியாக 2.7 நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். மூட்டு மாற்றில் பேச்சு மட்டும் போதாது, மருந்தும் வேண்டும். ஆனாலும் விவரம் தெரிந்தவருக்குப் பயம் குறையும்.

முக்கியமாக ஒன்று. பல மருத்துவமனைகளில் தொடை நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து போடுகிறார்கள். அதனால் முதல் நாள் அம்மா "வலியே இல்லை" என்பார். அந்த மருந்தின் வேகம் அடங்கியதும், பெரும்பாலும் மறுநாள், வலி சட்டென்று ஏறும். முன்பே தெரியாவிட்டால் ஆபரேஷனில் ஏதோ தப்பு நடந்துவிட்டதென்று வீடே பதறிப்போகும். மரப்பு விலகும் முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். அதனால் அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டார் சொன்னதில் பாதி உண்மை. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்துத்தான் அவற்றைத் தருவார்கள். பாராசிட்டமால் அந்த வகை அல்ல. மருத்துவர் எழுதிய அளவில், வலி ஏறும்வரை காத்திராமல் நேரப்படி கொடுங்கள். டிரமடால் என்ற வலுவான வலி மருந்து கலந்த சில மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கிறது. தெரியாமல் இரண்டையும் கொடுத்தால் அளவு மீறிவிடும். டிரமடாலால் மலச்சிக்கல், குமட்டல், தூக்கக்கலக்கம் வரலாம். அதற்கு என்ன செய்வது என்பதையும் கேளுங்கள். மருத்துவர் சொல்லும் சில நாட்களுக்கு மட்டும் எடுத்தால், அடிமையாகிவிடுவோமோ என்று அஞ்சத் தேவையில்லை.

பல்லைக் கடித்துப் பொறுப்பதில்தான் எனக்கு உடன்பாடே இல்லை. வலிக்குப் பயந்து காலை அசைக்காவிட்டால் மூட்டு இறுகிவிடும், காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். வலியை 0 முதல் 10 வரை மதிப்பிடச் சொல்வார்கள். நம் அம்மாக்கள் எவ்வளவு வலித்தாலும் "பரவாயில்லை" என்றே சொல்லிப் பழகியவர்கள். நீங்கள் வேறு மாதிரி கேளுங்கள்: தூங்க முடிந்ததா, முட்டியை மடக்க முடிகிறதா, வாக்கரைப் பிடித்துக் கழிவறைவரை நடக்க முடிகிறதா? இல்லை என்றால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். வலி அறவே இருக்காது என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். இந்த மூன்றையும் செய்யும் அளவுக்கு அடங்கினால் போதும்.

வீட்டுக்கு வந்தபின் நாளுக்கு நாள் வலி கூடினாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோ சீழோ வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி என்றால் 108-ஐ அழையுங்கள்.