பால் பல்தானே என்று பிடுங்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. 6 வயதில் கீழ்க் கடைவாய்ப் பால் பல் சொத்தையாகிப் பிடுங்கினோம். இப்போது கீழ் முன்பற்கள் கோணலாக இருக்கின்றன. எங்கள் இரு குடும்பத்திலும் யாருக்கும் இப்படி இல்லை. பள்ளி முகாமுக்கு வந்தவர்கள் உடனே கிளிப் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (ஒரு தாய், அறந்தாங்கி)

பதில்: அம்மா, உங்கள் பயம் முன்பல்லைப் பற்றி. எனக்கோ பின்னால் பிடுங்கிய இடத்தைப் பற்றித்தான் கவலை. இந்த வயதில் கீழ் முன்பற்கள் கொஞ்சம் முன்பின்னாக நிற்பது சகஜம்.

கடைவாய்ப் பால் பல் 10 வயதுவாக்கில்தான் விழ வேண்டும். அதுவரை, பஸ்ஸில் துண்டு போட்டு வைப்பதுபோல, அடியில் வரும் பல்லுக்கு அது இடம் பிடித்து வைக்கிறது. துண்டை எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவார் இல்லையா? 6 வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப்பல் அப்படித்தான் முன்னால் சாய்கிறது. அப்புறம் வரும் பல் உள்பக்கம் முளைக்கும், அல்லது ஈறுக்குள்ளேயே நின்றுவிடும். பரம்பரையில் இல்லாமலே பல்வரிசை கெடுவது இப்படித்தான். போன மாதம் ஒரு சிறுமியின் வாயில் பார்த்தேன், அந்த இடத்தில் தீக்குச்சி முனைகூட நுழையவில்லை.

பிடுங்கியதுமே ஒரு சின்னக் கம்பி வளையம் மாட்டியிருக்க வேண்டும். ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்போம். பல இடங்களில் அதைச் சொல்வதுகூட இல்லை. முகாம்களிலும் டார்ச் அடித்துப் பார்த்து, சீட்டு எழுதிக் கொடுப்பதோடு சரி. அந்தக் குழந்தை அப்புறம் என்ன ஆனது என்று கேட்க ஆளில்லை. எத்தனை வருடமாகச் சொல்கிறோம்!

எக்ஸ்ரே எடுக்காமல் 'இன்றைக்கு மட்டும் தள்ளுபடி' என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கூரியரில் அலைனர் (பல்லை நகர்த்த மாட்டும் பிளாஸ்டிக் உறை) அனுப்புகிறேன் என்பவரிடமும் அப்படியே. பாதிப் பற்கள் முளைக்காத வாயில் முழு கிளிப் போட்டால், 12 வயதில் மறுபடியும் போடச் சொல்வார்கள். பற்சீரமைப்பில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) படித்தவரா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. பையனை உட்கார வைத்து, எச்சிலை விழுங்கிவிட்டுக் கடைவாயைக் கடிக்கச் சொல்லி, உதட்டை விலக்கிப் பாருங்கள். மேல் முன்பல் வெளியே, கீழ்ப்பல் உள்ளே இருக்க வேண்டும். ஒரே ஒரு பல் மாறி நின்றாலும் கணக்குதான். இருமுறை கடிக்க வைத்துப் பாருங்கள், பிள்ளைகள் தாடையை முன்னே தள்ளிக் காட்டுவார்கள். மாறியிருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும். 'பெரியவன் ஆகட்டும்' என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மற்றபடி, எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். உங்களுக்குப் பக்கத்தில் புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இந்த வாரமே போய்க் காட்டுங்கள். பல் பிடுங்கியபோது கொடுத்த சீட்டு இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.