வெட்டி எடுத்த பிறகும் ஏன் மருந்து?

கேள்வி: எனக்கு 44 வயது. திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பகத்தையும் கக்கத்திலிருந்த நெறிக்கட்டிகளையும் சத்திரசிகிச்சை செய்து அகற்றினார்கள். அத்துடன் எல்லாம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். பின்னர் வந்த அறிக்கையில் கட்டி 2.8 சென்ரிமீற்றர், தரம் 2, வெட்டிய விளிம்புகளில் நோய் இல்லை, 14 நெறிக்கட்டிகளில் 2இல் நோய் உண்டு, ஹோர்மோன் ஏற்பிகள் உண்டு, ஹெர் 2 இல்லை என்று இருக்கிறது. மருந்து ஏற்ற வேண்டும், பிறகு மட்டக்களப்பில் கதிர்வீச்சு, அதன்பின் பல வருடம் குளிசை என்கிறார் வைத்தியர். வருத்தம் உடம்பெங்கும் பரவிவிட்டதா? நாட்டு வைத்தியம் போதும் என்கிறார் அக்கா. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளிடம் அது சாதாரணக் கட்டி என்றே சொல்லியிருக்கிறேன். நான் என்ன செய்வது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பரவிவிட்டதா என்ற கேள்விக்கே முதலில் பதில் எழுதுகிறேன். அது தெளியாமல் மற்ற எதையும் உங்களால் நிதானமாக வாசிக்க முடியாது. மார்பகத்திலிருந்து வடியும் நிணநீர் பெரும்பாலும் முதலில் வந்து சேரும் இடம் கக்கத்து நெறிக்கட்டிகள். அவற்றில் இரண்டில் நோய் இருந்தது என்பதை வைத்து ஈரல், நுரையீரல், எலும்பு ஆகியவற்றுக்கும் அது போய்விட்டது என்று முடிவு செய்ய முடியாது. அந்த உறுப்புகளைப் பார்க்க வேறு பரிசோதனைகள் இருக்கின்றன. உங்களுக்கு அவை செய்யப்பட்டனவா, செய்ய வேண்டுமா என்பதை அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

உங்கள் கையிலுள்ள அறிக்கையைத் தீர்ப்பு எழுதிய தாளாக நினைத்துப் பயந்து மடித்து வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதை விரித்துப் பாருங்கள். விளிம்புகளில் நோய் இல்லை என்றால், வெட்டி எடுத்த பகுதியின் ஓரம்வரை புற்று எட்டவில்லை என்று பொருள். சத்திரசிகிச்சை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது. தரம் என்பது உயிரணுக்கள் எவ்வளவு வேகமாகப் பெருகக்கூடியவை என்பதைக் காட்டும் 1 முதல் 3 வரையான அளவு. உங்களுடையது நடுவில் இருக்கிறது. பலர் இதை, நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் காட்டும் நோயின் நிலையோடு குழப்பிக்கொண்டு வீணாகக் கலங்குகிறார்கள். ஹோர்மோன் ஏற்பிகள் உண்டு என்ற வரியைப் படித்து நீங்கள் பயந்திருக்கக் கூடும்; உண்மையில் அது உங்களுக்குச் சாதகமான வரி, ஏனெனில் உடலின் ஹோர்மோனைப் பற்றிக்கொண்டு புற்று வளர உதவும் அந்த ஏற்பிகள் இருப்பவர்களுக்கே ஹோர்மோன் குளிசை பயன்தரும். ஹெர் 2 என்பது புற்று வளர்ச்சியைத் தூண்டும் ஒரு புரதம்; அது இல்லாததால், அதற்கென ஏறத்தாழ ஒரு வருடம் ஏற்றப்படும் மருந்து உங்களுக்குத் தேவைப்படாது.

வெட்டி எடுத்த பிறகும் ஏன் மருந்து என்று நீங்கள் கேட்பது நியாயமே. கோரையைப் பிடுங்கிய நிலம் பார்வைக்குச் சுத்தமாகத் தெரிந்தாலும் மண்ணுக்குள் கிழங்கு இருந்தால் மீண்டும் முளைக்கும் என்பது நமது தோட்டக்காரருக்குத் தெரியும்; எந்த ஸ்கானிலும் தெரியாத நுண்ணிய உயிரணுக்கள் எங்காவது தங்கியிருந்தால் அவற்றை அழிக்கவே இந்த மருந்து. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கருதும் ஒருவருக்கு வைத்தியர்கள் இப்படி அடுத்தடுத்து மூன்று சிகிச்சைகளைத் திட்டமிடுவதில்லை. நோய் திரும்பி வராமல் தடுக்க முடியும் என்ற நம்பிக்கையில்தான் உங்களுக்கு அவற்றைச் சொல்லியிருக்கிறார்கள். காயம் ஆறியதும் தாமதமின்றித் தொடங்குவதே நல்லது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது பயனைக் குறைக்கும்.

கீமோ எனப்படும் இம்மருந்து வழமையாக இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறையாகச் சில மாதங்கள் ஏற்றப்படும். வாந்தியைக் கட்டுப்படுத்த இப்போது நல்ல மருந்துகள் உண்டு; ஓங்காளம் வந்தால் சகித்துக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். முதல் தடவை ஏற்றி இரண்டு மூன்று வாரங்களில் முடி உதிரத் தொடங்கலாம், சிகிச்சை முடிந்ததும் அது திரும்ப வளரும். இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது காய்ச்சலுக்குத்தான். மருந்து ஏற்றிய பின், குறிப்பாக இரண்டாவது வாரமளவில், இரத்தத்தின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நாட்களில் சாதாரணக் கிருமித்தொற்றுகூடச் சில மணித்தியாலங்களில் உயிராபத்தாக மாறலாம். வீட்டில் ஒரு தெர்மோமீற்றர் வாங்கி வையுங்கள். 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காட்டினால், பனடோல் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம், டெங்குவாக இருக்கும் என்று மூன்று நாள் பார்க்கவும் வேண்டாம். நள்ளிரவானாலும் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், நான் கீமோ எடுப்பவள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். உங்கள் கணவரும் இதை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

உறவினர்கள் கிரந்தி என்று சொல்லி மீனையும் முட்டையையும் நிறுத்தியிருக்கக் கூடும். காயம் ஆறவும் உடல் தேறவும் புரதம் வேண்டும். நன்றாக வேகவைத்த மீன், முட்டை, பருப்பு எல்லாம் சாப்பிடலாம். அரைவேக்காட்டு முட்டையையும் வெளியில் விற்கும் நறுக்கிய பழங்களையும் மட்டும் தவிருங்கள். கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் நல்லது என்று யாராவது அழைத்தால் இப்போதைக்குப் போகவேண்டாம்: நெறிக்கட்டிகள் எடுத்த பக்கத்துக் கைக்குச் சுடுநீர் வீக்கத்தைத் தரலாம், வெள்ளணுக்கள் குறைந்த உடலுக்குப் பலர் குளிக்கும் இடம் உகந்ததுமல்ல. இடது கையை மடியில் வைத்தபடி இருந்துவிடாதீர்கள். விரல்களால் சுவரில் மெல்ல மெல்ல மேலே ஏறுவது போன்ற பயிற்சிகளை இயன்மருத்துவர் காட்டித் தருவார். செய்யாவிட்டால் தோள் இறுகும், கதிர்வீச்சின்போது கையை உயர்த்திப் படுப்பதே சிரமமாகும்.

கதிர்வீச்சு பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாட்களாக மூன்று முதல் ஐந்து வாரங்கள் நடைபெறும். ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்களே எடுக்கும், வலியும் இராது. ஆனால் மூதூர், வாகரை வழியாக மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தினமும் போய்வருவது களைத்த உடலால் ஆகாது. அந்த வாரங்களில் தங்குவதற்கு அங்கே உறவு வீடு ஏதும் உண்டா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அரச வைத்தியசாலையில் இச்சிகிச்சைக்குக் கட்டணமில்லை. செலவெல்லாம் பயணத்துக்கும் தங்குவதற்கும்தான். அதன்பின் வரும் குளிசை, மாதவிடாய் நிற்காத பெண்களுக்குப் பெரும்பாலும் தமொக்சிபன், ஐந்து வருடங்களும் சிலருக்குப் பத்து வருடங்களும் நீளும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இடையில் நிறுத்திவிடுவோர் பலர். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

அக்காவின் பேச்சு அன்பினால் வருவது. அதற்காக அவருடன் சண்டையிட வேண்டாம். ஆனால் இந்தச் சிகிச்சைக்குப் பதிலாக நாட்டு மருந்து என்பதற்கு மட்டும் உறுதியாக மறுப்புச் சொல்லுங்கள். கீமோவோடு சேர்த்துக் குடிப்பதும் ஈரலைப் பாதிக்கலாம், கீமோவின் பயனைக் குறைக்கலாம். எதைக் குடிப்பதாயினும் வைத்தியரிடம் கேட்ட பின்னரே. உங்களுக்கு இந்த வயதில் நோய் வந்திருப்பதால் அக்காவும் தம் மார்பகங்களைப் பரிசோதிப்பது அவசியம். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் சுகவனிதையர் கிளினிக்குக்கு அவரை அனுப்புங்கள்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். முடி உதிரும்போது அவள் எப்படியும் அறிவாள். அதுவரை தன் தாய் மறைத்தாள் என்பது பரீட்சை நேரத்தில் அவளுக்கு இரட்டைச் சுமையாகும். நோயின் பெயர், சிகிச்சை எத்தனை மாதம், யார் சமைப்பார்கள், அவளுடைய ரியூசன் எப்படித் தொடரும் என்பவற்றைக் கணவரும் கூட இருக்கும் ஒரு மாலையில் சொல்லுங்கள். அவள் அழுதால் அழவிடுங்கள், நீங்களும் அழலாம். நீ படிப்பை விட்டுவிட்டு என்னைப் பார்க்க வேண்டியதில்லை என்பதை மட்டும் அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கிளினிக்குக்கு உங்களோடு வர, வைத்தியர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள, கணவரையோ அக்காவையோ ஏற்பாடு செய்யுங்கள்.