கேளுங்க, சொல்றேன்: திரும்பி வந்த கவர்

போன இதழ்ல "எழுதுறவங்க இந்த வாட்டி கேளுங்க"ன்னு ஒரு வரி போட்டேன், அவ்ளோதான், மெயிலும் கடுதாசியுமா வந்து குவிஞ்சிருச்சு. பாதிக்கு மேல ஒரே புலம்பல், ஊர் பேரு மட்டும்தான் வேற. (எழுதுறவங்களுக்குப் புலம்பச் சொல்லியா குடுக்கணும்!) எடம் இருக்குற அளவுக்கு எடுத்திருக்கேன்.

கேள்வி: அக்கா, எனக்கு வயசு 43. ஆறு வருஷமா கதை எழுதுறேன். 31 கதை அனுப்பியிருக்கேன், வந்தது ரெண்டே ரெண்டு. மத்ததுக்கு "கெடச்சுது"ன்னு ஒரு பதில்கூட இல்ல. வீட்டுக்காரர் "இந்த நேரத்துல ரெண்டு பிளவுஸ் தச்சாலாவது காசு"ங்கிறார். எதுக்குக்கா எழுதணும்?
— ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: மொதல்ல ஒண்ணு, 31க்கு 2 மோசமில்ல, நெசமாத்தான் சொல்றேன். நான் எழுத ஆரம்பிச்சப்ப மெயில் ஏது, தாள்ல ஒரு பக்கம் மட்டும் எழுதி, கூடவே நம்ம விலாசம் எழுதி ஸ்டாம்பு ஒட்டின கவர் ஒண்ணையும் மடிச்சு உள்ள வைக்கணும், வைக்கலைன்னா கதை குப்பைக்கூடைக்குத்தான். இதுல என்ன கொடுமைன்னா, கதை திரும்பி வரும்போது நம்ம கையெழுத்துலயே நமக்கு வரும். போஸ்ட்மேன் சைக்கிள்ல இருந்து எறங்காமலே நீட்டுவார், தூரத்துல பாக்கும்போதே என்னோட 'ழ'வுக்கு நான் போடுற நீட்டு வால் தெரிஞ்சிரும், பிரிக்கவே வேணாம். எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா அந்தக் கவர மட்டும் கண்டுபிடிச்சிருவாங்க, வாங்கி அரிசி டப்பா மேல வச்சிட்டு நான் வேலைவிட்டு வந்து சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வாயே தெறக்க மாட்டாங்க. கைய கழுவினப்புறம் "ஒன் கவரு வந்திருக்கு"ம்பாங்க. இப்படிப் பதினேழு கவர். பதினெட்டாவதா வந்தது ஒரு போஸ்ட் கார்டு, கதை தேர்வாயிருக்குன்னு. அன்னிக்கு வாசல்லயே நின்னு கையில குடுத்துட்டாங்க.

ஆனா கேளுங்க, அந்தப் பதினெட்டாவது கதையவிட பதினோராவது கதை நல்ல கதை. அது எங்கயும் வரல, இன்னும் டிரங்குப் பெட்டியிலதான் கெடக்கு. அத எழுதி முடிச்ச ராத்திரி தூக்கம் வராம மொட்டமாடியில அங்கயும் இங்கயும் நடந்தது, தண்ணித்தொட்டி சொட்டுற சத்தம், எல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கு. பதினெட்டாவது அச்சுல வந்த அன்னிக்கு என்ன பண்ணேன்னு யோசிச்சா ஒண்ணுமே வரல. நீங்க கேட்ட 'எதுக்கு'க்கு எங்கிட்ட இருக்குற பதில் இதான். அச்சுல வர்றது எடிட்டர் கையில இருக்கு, மொட்டமாடி நம்ம கையில இருக்கு.

அதுவும் நீங்க கோவில்பட்டியில இருந்துக்கிட்டு கேக்குறீங்களே! பக்கத்துல இடைசெவல், அந்தச் சின்ன ஊர்ல இருந்து கு.அழகிரிசாமி, கி.ரா.ன்னு (கி.ராஜநாராயணன்) ரெண்டு எழுத்தாளருங்க சாகித்ய அகாதமி விருது வாங்கியிருக்காங்க, அவருக்கு 1970ல, இவருக்கு 1991ல. கி.ரா. சம்சாரி, அதாவது விவசாயி, கதைன்னு எழுத வந்ததே முப்பது தாண்டித்தான், அப்புறம் தொண்ணூறு தாண்டியும் விடல. அழகிரிசாமி மெட்ராஸ் போனப்புறம் ரெண்டு பேரும் கடுதாசியா எழுதித் தள்ளினாங்க. அந்த மாதிரி ஒரு ஆளு உங்களுக்கு இருக்காங்களா? 31 கதையையும் படிச்சிட்டு "ஏழாவது சுமார், இருபதாவது நல்லாருக்கு"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற ஒரே ஒரு ஆளு போதும், நூலகத்துல தேடுங்க, பழைய கிளாஸ்மேட்ல தேடுங்க. வீட்டுக்காரர அந்த வேலைக்கு வைக்காதீங்க, அவரு பாவம்.

பிளவுஸும் தைங்க, காசு வரட்டும். தைக்கும்போது வாயும் காதும் சும்மாதான இருக்கு, அளவு குடுக்க வர்றவங்க பேசுறதுல நாலு கதை கெடக்கும்.

கேள்வி: வேலைய விட்டுட்டு முழுநேர எழுத்தாளர் ஆகிறலாம்னு இருக்கேன். ஐடி வேலை, காலையில ஒம்போதுக்கு லாகின் பண்ணா ராத்திரி வரைக்கும் மீட்டிங். எழுத மூடே வர்றதில்ல.
— ஒரு வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: விடாதீங்க தம்பி. புதுமைப்பித்தன் எழுத்தையே நம்பித்தான் மெட்ராஸ் வந்தார், பத்திரிகை பத்திரிகையா மாறி, கடைசியில சினிமாவுக்கு வசனம் எழுதப் போய், காசநோயோட 1948ல போயிட்டார், வயசு 42. அவ்ளோ பெரிய கைக்கே அந்த நெலமை. இன்னிக்குக் கணக்கையும் பாருங்க, ராயல்டி வழக்கமா பத்து சதவீதம், 200 ரூபா புஸ்தகம் 300 காப்பி வித்தா உங்களுக்கு 6,000 ரூபா, அதுவும் பதிப்பாளர் கணக்கு காட்டினா. உங்க வாடகை எவ்ளோ?

நேரம் இல்லங்கிறதுக்கு இங்கிலாந்துக்காரர் ஒருத்தர சொல்றேன், ஆன்டனி ட்ரோலப். முப்பது வருஷத்துக்கு மேல தபால் இலாகாவுல வேலை பார்த்தவர். (ஜெர்சி தீவுல 1852ல தெருவோரத் தபால்பெட்டி வந்ததே இவர் சொல்லித்தான், ஆக என் கவருக்கெல்லாம் இவரும் ஒரு காரணம்.) விடிகாலை அஞ்சரைக்கு உக்காந்துருவார், எதிர்ல வாட்ச், கால்மணிக்கு 250 வார்த்தை, எட்டரைக்கு எந்திரிச்சு ஆபீஸ் வேலை. இப்படி எழுதினது 47 நாவல். அவரு மூடுக்குக் காத்துக்கிட்டிருந்த மாதிரி தெரியல, எழுப்பி விடுறதுக்கு வேலையாளுக்குத் தனியா வருஷத்துக்கு அஞ்சு பவுண்டு குடுத்திருக்கார், அவ்ளோதான். நம்ம அசோகமித்திரன் தி.நகர் பார்க் பெஞ்சுல உக்காந்து எழுதினவர். உங்களுக்கு ஏசி ரூம் இருக்கு.

சின்ன வேலை ஒண்ணு சொல்றேன், எனக்கு இதுதான் ஓடுது. தெனம் இருபது நிமிஷம், அதுக்கு மேல ஆசை வந்தாலும் எந்திரிச்சிருங்க, ஆனா ஒரு சீன் முடியிற எடத்துல எந்திரிக்காதீங்க, பாதியில, முடிஞ்சா பாதி வாக்கியத்துல நிறுத்திட்டு வந்துருங்க. ராத்திரி மாவு கரைச்சு வச்சிட்டுப் படுத்தா காலையில பொங்கி நிக்குதுல்ல, அந்த மாதிரி மறுநாள் உக்காரும்போது அது தயாரா இருக்கும். சீனை முழுசா முடிச்சிட்டு எந்திரிச்ச அன்னிக்கெல்லாம் மறுநாள் வெத்துத்தாளப் பாத்துக்கிட்டு மூணு காபி குடிச்சிருக்கேன்.

கேள்வி: ஃபேஸ்புக்ல கவிதை போட்டா 12 லைக்கு. மாமியார் வீட்டு மீன்கொழம்பு போட்டேன், 840 லைக்கு. வெறுத்துப் போச்சு.
— ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: கொழம்பு நல்லா இருந்திருக்கும்மா. அந்த 12 பேர் யாருன்னு பேரு பேராப் பாருங்க, அதுல நாலு பேரு சொந்தக்காரங்க, மீதி எட்டு பேரு படிச்சிருக்காங்க. எட்டு பேரு கவிதை படிக்கிறது தமிழ்ல சாதாரண விஷயம் இல்ல.

கேள்வி: நாலு வருஷமா ஒரு வரி எழுதல. எழுதினதெல்லாம் எனக்கே பிடிக்காமப் போயிருச்சு. நான் இன்னும் எழுத்தாளரா?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: உங்க மாவட்டத்துக்காரர்தானே சுந்தர ராமசாமி. 1966ல நாவல் வந்து பேரெல்லாம் வாங்கினப்புறம் நிறுத்திட்டார், ஒரு ஆறேழு வருஷம். நாகர்கோவில்ல ஜவுளிக்கடைய பாத்துக்கிட்டார், படிச்சார், பேசினார். எழுபதுகள்ல திரும்பி வந்தப்ப நடையே வேற, 1981ல 'ஜே.ஜே: சில குறிப்புகள்' வந்துச்சு. எல்லா மௌனத்துக்கும் இப்படி ஒரு நாவல் முடிவுல காத்திருக்கும்னு சொல்ல மாட்டேன், பல பேரு அப்படியே நின்னுட்டாங்க, அதுவும் ஒண்ணும் குத்தமில்ல. ஆனா எழுதினது பிடிக்காமப் போச்சுன்னா வாசிக்கிற கண்ணு கைய விட முன்னாடி போயிருச்சுன்னு அர்த்தம். கை பின்னால வரும். இப்போதைக்கு கதை வேணாம், அன்னிக்குக் காதுல விழுந்த ஒரு பேச்சு மட்டும் நோட்டுல எழுதி வைங்க. மார்த்தாண்டம் சந்தையில அதுக்கா பஞ்சம்.

கேள்வி: விருது வாங்கினா திருப்தி வந்துருமா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: சி.சு.செல்லப்பா 1959ல 'எழுத்து' பத்திரிகை ஆரம்பிச்சார், கைக்காசப் போட்டு நடத்தினார், புஸ்தகத்தப் பையில போட்டுத் தூக்கிக்கிட்டு காலேஜ் காலேஜா அலைஞ்சு வித்தார். சாகித்ய அகாதமி 2001ல குடுத்தாங்க. அவர் போனது 1998ல.

கேள்வி: எல்லாருக்கும் சொல்றீங்களே, நீங்க இப்ப என்ன எழுதுறீங்க?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: மாட்டிக்கிட்டேன். ஒரு நாவல். அதுல ஒருத்தி கையில ஒரு கட்டைப்பையோட மூணு வாரமா பஸ் ஸ்டாண்டுலயே நிக்கிறா, எந்த ஊர் பஸ்ல ஏத்துறதுன்னு எனக்குத் தெரியல. நேத்து தேனி பஸ்ல ஏத்தினேன், ஆண்டிபட்டி தாண்டுறதுக்குள்ள பிடிக்காம எறக்கிட்டேன். இன்னிக்கு காலையில இருபது நிமிஷத்துல டீ மட்டும் வாங்கிக் குடுத்திருக்கேன், சூடா இருக்கு, ஊதிக்கிட்டு நிக்கிறா.