குழந்தைகள் சோதனை செய்து எண்களைக் குறித்துவிடுகிறார்கள், ஆனால் "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பல வருஷம் எனக்கும் இதே கதைதான். பிள்ளைகளுக்கு யோசிக்கத் தெரியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு குழுவின் கையில் ஒரே ஒரு எண் இருந்தால் அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? எல்லாக் குழுக்களின் எண்களையும் பலகையில் ஒரே இடத்தில் போட்ட பிறகுதான் வகுப்பில் சத்தம் கிளம்பியது.

ஊசல் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 25 செ.மீ. நூலில் ஒரு வாஷரைக் கட்டி ஆட்டிவிட்டால் 15 விநாடியில் ஏறக்குறைய 15 முறை போய்வரும். பலகையில் ஒரு எண்கோடு வரைந்து, ஒவ்வொரு குழுவும் வந்து தன் எண்ணுக்கு மேல் ஒரு புள்ளி வைக்கட்டும். 14, 15, 15, 16 என்று வரும்போது எங்கோ தள்ளி 30-இல் ஒரு புள்ளி நிற்கும். "அது தப்பு" என்று நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது (இது கஷ்டம், எனக்கு இன்னும் நாக்கு துடிக்கும்). எப்படி எண்ணினீர்கள் என்று மற்றவர்களே அந்தக் குழுவிடம் கேட்பார்கள், போனதை ஒன்று, வந்ததை ஒன்று என்று எண்ணியிருப்பது அப்போது வெளியே வரும்.

அப்புறம் மூன்று வாஷர் கட்டச் சொல்லுங்கள், ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிடாமல் சேர்த்தே கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நீளமும் மாறிவிடும். ஒரு குழுவுக்கு 15 போய் 16 வரும், உடனே "எடை கூடினால் வேகம் கூடும்" என்று எழுதிவிடுவார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: ஒரே ஒரு வாஷரோடு எல்லாக் குழுக்களும் செய்தபோதும் 14-இலிருந்து 16 வரை வந்ததே, அப்படியானால் இந்த ஒன்று கூடியதை நம்பலாமா? இந்தக் கேள்விக்கு ஒரு பாடவேளை முழுக்கப் போனாலும் போகட்டும். நூலை 1 மீட்டராக்கினால் 7, 8 தான் வரும், எது நிஜமான வித்தியாசம் என்பது அப்போது கண்ணுக்கே தெரியும்.

கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடச் சரியாகக் காத்திருப்பதில்லை, 3 விநாடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகின்றன என்று அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார்.

நோட்டு விஷயத்தில் பலகையைப் பார்த்து எழுதவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பேசுவதற்கு முன்பே அவரவர் என்ன நினைக்கிறார்கள் என்று இரண்டு வரி எழுதட்டும், எழுத்துப்பிழை இருந்தாலும் சரி. பேசி முடித்ததும் அதன் கீழ் ஒரு கோடு போட்டு, இப்போது என்ன நினைக்கிறார்கள் என்று வேறு நிறத்தில் எழுதட்டும். மேலே எழுதியதை அழிக்க விடாதீர்கள். முதலில் ரப்பரைத் தேடத்தான் செய்வார்கள், ஒரு மாதத்தில் பழகிவிடும்.

நோட்டுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. கோட்டுக்குக் கீழே இருப்பதைப் படித்துவிட்டு ஓரத்தில் ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுப்பேன், பெரும்பாலும் அது "எந்த எண்ணைப் பார்த்து இப்படிச் சொல்கிறாய்?" என்பதாகத்தான் இருக்கும்.